முசஃபாவில் ஒரு கட்டமும் வேறு சில துறைமுகங்களும்

டுபாய் எல்லாருக்கும் தெரியும். அபுதாபியும் தெரியும். முசஃபா என்றால் அங்கே போய் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். அபுதாபித் தீவில் இருந்து பாலம் கடந்து தெற்குப் பக்கம் போனால் வருகிற தொழிற்பேட்டை அது. எம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம் போட்டுப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். கராஜ்கள், இரும்பு ஒட்டும் கூடங்கள், லொறி நிறுத்தும் வெளிகள், அதற்குப் பின்னால் தொழிலாளர் முகாம்கள். 2022 ஜனவரி 17 ஆம் திகதி யேமனில் இருந்து ஹூதிகள் நடத்திய தாக்குதலில் அங்கே மூன்று எண்ணெய் பவுசர்கள் வெடித்து, இரண்டு இந்தியரும் ஒரு பாகிஸ்தானியரும் செத்தபோதுதான் அந்தப் பெயர் உலகச் செய்தியில் அடிபட்டது.

நான் 2001 இல் இருந்து 2006 வரை அங்கே சரக்கு அனுப்பும் ஒரு கந்தோரில் கிளாக்காக இருந்தேன். மண்காற்றைப் பற்றியும் எட்டுப்பேர் படுத்த அறையைப் பற்றியும் முன்பு எழுதிவிட்டேன். இது அந்தக் கந்தோரின் கடதாசி வேலையைப் பற்றியது. சலிப்பான விசயம் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ, இதற்குள் பம்பாயும் இருக்கிறது, பெய்ரூட்டும் இருக்கிறது, எங்கட கரடியனாறும் இருக்கிறது.

வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஆட்களுக்கு வெடிமருந்து வேணும். கிணறு தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிவர சீமெந்து ஊற்றி இறுக்கிவிட்டால் எண்ணெய் உள்ளே வர வழி இல்லை. ஆகவே நீளமான உருக்குக் குழல் ஒன்றில் சின்னச் சின்ன வெடிகளை அடுக்கி, கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்கி வெடிக்க வைப்பார்கள். குழாயிலும் சீமெந்திலும் பாறையிலும் ஓட்டை விழும், எண்ணெய் வரும். அந்தக் குழலுக்குத் துவக்கு என்றுதான் பெயர். ஒரு வெடிக்குள் இருபது, முப்பது கிராம் மருந்து இருக்கும். சாமான் முசஃபாவுக்குள் வராது, பாலைவனத்தில் வேலி போட்ட களஞ்சியத்துக்குப் போகும். முசஃபாவுக்கு வருவது அதன் கடதாசி.

அந்தக் கடதாசியை நாங்கள் டீ.ஜீ. பேப்பர் என்போம். ஆபத்தான சரக்கு என்று அனுப்புகிறவன் கையெழுத்து வைத்துக் கொடுக்கிற அறிவிப்பு. ஐக்கிய நாடுகள் சபை கொடுத்த நாலு இலக்க எண், சரக்கின் முறையான பெயர், வகுப்பு, எத்தனை பெட்டி, எவ்வளவு பாரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். வெடிமருந்து முதலாம் வகுப்பு. மற்ற எட்டு வகுப்புக்கும் இல்லாத ஒரு கணக்கு அதற்கு மட்டும் வேணும். நிகர வெடிமருந்து நிறை.

பெட்டியின் மொத்தப் பாரம் வேறு, உள்ளே இருக்கும் சாமானின் பாரம் வேறு, அந்தச் சாமானுக்குள் உண்மையாய் வெடிக்கக்கூடிய மருந்தின் பாரம் வேறு. மூன்றையும் ஒன்றாக்கினால் எல்லாம் குழம்பிவிடும். உதாரணத்துக்கு 22.7 கிராம் மருந்து உள்ள வெடி நூறு ஒரு பெட்டியில் இருந்தால், மருந்து 2.27 கிலோதான். ஆனால் உருக்கும் செம்பும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து தராசில் அதைவிடப் பல மடங்கு காட்டும். வெடிக்கும் நூல் என்று ஒன்று இருக்கிறது, பார்க்க உடுப்புக் காயப்போடுகிற பிளாஸ்டிக் கயிறு மாதிரி. மீற்றருக்கு 17 கிராம் மருந்து என்றால் 300 மீற்றர் உருளையில் 5.1 கிலோ. கயிறு மாதிரி இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. அது 1.1 டி, அதாவது முழுக்க ஒரே நேரத்தில் வெடிக்கிற சாதி. அதைத் தொடக்கிவிடும் டெற்றனேற்றர் பி கூட்டம். டி கூட்டத்துச் சாமானையும் பி கூட்டத்துச் சாமானையும் பக்கத்தில் வைக்கக்கூடாது.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கட கந்தோரில் மூத்தவராக இருந்த ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. ஒருமுறை சரக்கு அனுப்புகிற ஒரு கூட்டம், லொறிக்கு அனுமதித்த அளவைக் கொஞ்சம் தாண்டிவிட்டது, கிலோவைக் குறைத்து எழுதித் தாங்கோ, எல்லாம் ஒரு பயணத்தில் முடிந்துவிடும் என்று நின்றார்கள். அண்ணாச்சி மாட்டேன் என்றுவிட்டார். அவர்கள் போனபிறகு என்னிடம் சொன்னார்: "தம்பி, தாள்ல கொறச்சு எழுதிட்டா அது கொறச்சலாவா வெடிக்கப் போவுது?"

அந்தக் கட்டத்தில் எழுதுகிற கிலோவை வைத்துத்தான் தூரம் அளக்கிறார்கள். வெடிமருந்துக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கவேண்டிய பாதுகாப்புத் தூரம் மருந்து நிறையின் கனமூலத்தோடு கூடும். மருந்து எட்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காக வேணும். இதையே திருப்பிப் பாருங்கோ. 8,000 கிலோ இருக்கிற இடத்தில் 1,000 கிலோ என்று எழுதினால், பாதுகாப்பு எல்லை பாதியாகச் சுருங்கிவிடும். கடதாசியில் பத்திரமான இடம், உண்மையில் பத்திரமில்லாத இடம் என்று ஒரு வளையம் உருவாகும். துறைமுகங்களில் அந்த வளையத்துக்குள் பெரிய அதிகாரிகளின் வீடு இருப்பதில்லை. கூலிகளின் லயன்களும் லொறிக்காரர் படுக்கிற இடமும்தான் இருக்கும்.

*

பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லவேண்டியது ஆர்? இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

1866 ஏப்ரல் 3 ஆம் திகதி, இன்றைக்குப் பனாமாவில் கொலோன் என்று சொல்கிற துறைமுகத்தில், நைத்திரோகிளிசரின் ஏற்றி வந்த 'யூரோப்பியன்' என்ற கப்பல் வெடித்தது. அந்தச் செய்தி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சேருவதற்கு முதலே, ஏப்ரல் 16 இல், அங்கே வெல்ஸ் பார்கோ கம்பனியின் முற்றத்தில் இன்னொரு பெட்டி வெடித்தது. நியூயோர்க்கில் இருந்து வந்த பெட்டி. உள்ளே என்ன என்று எழுதியிருக்கவில்லை. எண்ணெய் மாதிரி ஏதோ ஒழுகுகிறது என்று உளியும் சுத்தியலும் கொண்டு திறந்தார்கள். அவ்வளவுதான். பதினைந்து பேரளவில் செத்தார்கள்.

கட்டடச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1872 இல் தீர்ந்தது. நைத்திரோகிளிசரின் வழக்கு என்றே அதற்குப் பெயர். பொதுச் சரக்குக் காவுகிறவன், சந்தேகப்படக் காரணம் இல்லாதபோது ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். காவுகிறவன் பார்க்கத் தேவையில்லை என்றால் அனுப்புகிறவன் சொல்லியாக வேணும். உலகத்து டீ.ஜீ. பேப்பர் எல்லாம் நிற்கிற அத்திவாரம் இதுதான். பிரித்தானியா 1875 இல் வெடிபொருட் சட்டம் கொண்டுவந்தது. பிரித்தானிய இந்தியாவுக்கு 1884 இல் வந்தது, இந்தியாவில் இன்றைக்கும் அந்தச் சட்டம்தான். இலங்கையில் 1956 இன் 21 ஆம் இலக்கச் சட்டம்.

கடலில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஆபத்தான சரக்கு ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிட வேணும். வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்குகிற அறிவிப்பு அது. யுத்தம் வந்தால் அந்தக் கொடிதான் முதலில் இறங்கும். 1917 டிசம்பர் 6 இல் கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் வெடித்த 'மொன்ட் பிளாங்' கப்பலில் பிக்ரிக் அமிலமும் ரி.என்.ரி.யும் பென்சோலும் இருந்தன. கொடி இல்லை. கொடி ஏற்றினால் ஜெர்மன் நீர்மூழ்கிக்கு இலக்குக் காட்டிக் கொடுத்தது மாதிரி. கப்பல் எரிவதைக் கரையில் இருந்தும் யன்னலடியில் இருந்தும் சனம் வேடிக்கை பார்த்தது. ஏறத்தாழ 1,800 பேர் செத்தார்கள், கனபேருக்கு யன்னல் கண்ணாடி பட்டுக் கண் போனது.

எங்கட பக்கத்துக்கு வருவோம். 1944 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள். பம்பாய் விக்ரோறியா டொக்கில் 'போர்ட் ஸ்ரிகீன்' என்ற பிரித்தானியக் கப்பல் நின்றது. பேர்க்கன்ஹெட்டில் இருந்து பெப்ரவரியில் புறப்படும்போதே ஏறத்தாழ 1,400 தொன் வெடிமருந்து ஏற்றியிருந்தார்கள். கராச்சியில் கொஞ்சச் சாமானை இறக்கிவிட்டு, இடம் இருக்கிறதே என்று 8,700 பஞ்சு மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாய்களும் மரமும் கந்தகமும் ஏற்றினார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பஞ்சு! எரிகிறதும் வெடிக்கிறதுமான எல்லாம் தன் கப்பலில் இருக்கிறது என்று கப்பித்தான் நெய்ஸ்மித்தே சொல்லியிருந்தாராம்.

பம்பாய்க்கு 12 ஆம் திகதி வந்தது. இரண்டு நாளாகியும் வெடிமருந்து முழுதாய் இறங்கவில்லை. சிவப்புக் கொடியும் இல்லை. 14 ஆம் திகதி மத்தியானத்துக்குப் பிறகு இரண்டாம் இலக்க அறையில் பஞ்சில் இருந்து புகை. தீயணைப்புக்காரர் வந்து தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது எழுத்தில் இருந்தது, அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் கப்பலைத் தாழ்ப்பதா, இழுத்துக்கொண்டு வெளியே போவதா, அங்கேயே அணைப்பதா என்று முடிவெடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கப்பித்தான் ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம், படை ஒரு பக்கம். பின்னேரம் 4.06 க்கு முதல் வெடி. அரைமணி நேரத்தில் அதைவிடப் பெரிய இரண்டாவது. வெகு தூரம் தள்ளி சிம்லாவில் இருந்த நில அதிர்வுமானி அதைப் பதிந்தது.

66 தீயணைப்புக்காரர் செத்தார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தியாவில் ஏப்ரல் 14 ஐத் தீயணைப்புச் சேவை நாளாக வைத்திருக்கிறார்கள். 80,000 பேர் வீடிழந்தார்கள்.

செத்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? 800 க்கும் 1,300 க்கும் இடையில் என்றுதான் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். அதே கப்பலில் தங்கம் போனது. 31 பெட்டி, ஒரு பெட்டிக்கு நாலு கட்டி, கட்டி ஒன்று 12.7 கிலோ. ஆகமொத்தம் 124 கட்டி. கடலடியில் கிடந்து கட்டி கட்டியாகப் பல வருசத்துக்குப் பிறகும் எடுத்தார்கள். தங்கக் கட்டியின் கணக்கு கிராம் பிசகாமல் இருக்கிறது. ஆட்களின் கணக்கில் ஐந்நூறு பேர் இருக்கிறார்களோ இல்லையோ என்று தெரியாது. டொக்கில் நாட்கூலிக்கு மூட்டை தூக்கினவனின் பெயர் ஒரு கடதாசியிலும் இல்லை, அதனால்தான்.

மூன்று வருசம் கழித்து, அதுவும் ஏப்ரல் 16, ரெக்சஸ் சிற்றி. 'கிராண்ட்கேம்ப்' கப்பலில் ஏறத்தாழ 2,100 தொன் அமோனியம் நைத்திரேற்று. மூட்டையில் எழுதியிருந்தது பசளை. வெடித்தது பசளை மாதிரி இல்லை. 581 பேர். அந்த ஊர்த் தீயணைப்புப் படையில் ஒரே ஒரு ஆள் மிச்சம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் உலகம் ஒரு பொது மொழிக்கு வந்தது. ஐ.நா. நிபுணர் குழு 1956 இல் தன் முதல் பரிந்துரைப் புத்தகத்தை வெளியிட்டது. இன்றைக்கும் அதைச் செம்மஞ்சள் புத்தகம் என்கிறார்கள். 1965 இல் கடல்வழி ஆபத்துச் சரக்குக் கோவை. ஆனால் அது எல்லாக் கப்பலுக்கும் கட்டாயமானது 2004 ஜனவரி 1 இல் இருந்துதான். அந்த மாதம் முசஃபாவில் எங்களுக்கு வேலை இரட்டிப்பானது நினைவிருக்கிறது.

*

சரி, இனிக் கட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, எல்லாம் ஒழுங்குதானே என்று கேட்பீர்கள். கட்டத்தில் எழுதுகிறவனை நம்பித்தானே அது நிற்கிறது.

ஒல்லாந்தில் இருக்கிற எங்கட ஆட்களுக்கு என்ஸ்கெடே நினைவிருக்கும். 2000 மே 13, சனிக்கிழமை. குடிமனைக்கு நடுவில் வாணவெடிக் களஞ்சியம் ஒன்று வெடித்து 23 பேர் செத்தார்கள், நாலு பேர் தீயணைப்புப் படை. ஏறத்தாழ 400 வீடு தரைமட்டம். பிறகு விசாரித்தபோது, 1.4 என்று கடதாசி இருந்த சரக்கில் கனக்க அதைவிடக் கடும் வகுப்பைச் சேர்ந்தது என்று தெரிந்தது. 1.4 என்றால் பெட்டிக்கு வெளியே பெரிய ஆபத்து இல்லை என்று அர்த்தம். அதை நம்பித்தான் தீயணைப்புப் படை கிட்டப்போனது.

இன்னொரு ஓட்டை வகுப்பிலேயே இருக்கிறது. அமோனியம் நைத்திரேற்றை எடுங்கோ. ஒரே வெள்ளைப் பருக்கைக்கு ஐ.நா. பட்டியலில் பல இலக்கம். எரியக்கூடிய பொருள் 0.2 வீதத்துக்கு மேல் கலந்தால் 0222, அது முதலாம் வகுப்பு, வெடிமருந்து. அதற்குக் கீழே என்றால் 1942, பசளையாக இருந்தால் 2067. இந்த இரண்டும் 5.1, அதாவது எரிவதற்கு உதவுகிற பொருள், வெடிமருந்து இல்லை. 5.1 என்றால் நிகர வெடிமருந்து நிறை எழுதத் தேவையே இல்லை. அந்தக் கட்டம் வெறுமையாகவே போகும்.

'றோசஸ்' கப்பல் 2013 இல் ஜோர்ஜியாவின் பற்றுமி துறைமுகத்தில் இருந்து மொசாம்பிக்கில் உள்ள ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு 2,750 தொன் கொண்டு புறப்பட்டது. வாங்குகிறவன் வெடிமருந்து செய்கிறவன். ஆனால் அந்தச் சரக்கு வெடிமருந்து என்ற வகுப்பில் அடங்காது. பெய்ரூட்டில் கப்பல் முடங்கி, சாமானை 12 ஆம் இலக்கக் களஞ்சியத்துக்குள் தள்ளினார்கள். சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். 2020 ஓகஸ்ட் 4 இல் அது வெடித்தது. 200 க்கு மேற்பட்டோர் செத்தார்கள். முதலில் தீயணைக்கப் போன பத்துப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு கணக்குத்தான் எனக்கு நித்திரை வராமல் செய்தது. வெடித்தது ஏறத்தாழ 552 தொன்தான் என்று அமெரிக்க எஃப்.பி.ஐ. மதிப்பிட்டது. கடதாசியில் 2,750. மிச்சம் 2,200 தொன் எங்கே? வெடியில் சிதறிக் கடலுக்குள் போயிருக்கலாம், ஏழு வருசத்தில் ஆரும் கடத்தியும் இருக்கலாம். கடைசியாக எண்ணிப் பார்த்தது ஆர் என்று கேட்டால் பதில் இல்லை.

பெய்ரூட் வெடித்த அந்தக் கிழமையே சென்னையில் மணலியைப் பற்றிச் செய்தி வந்தது. 2015 இல் பிடிபட்ட 740 தொன் அமோனியம் நைத்திரேற்று, 37 கொள்கலன்களில், ஐந்து வருசமாய்க் குடிமனைக்குக் கிட்டக் கிடந்தது. தென்கொரியாவில் இருந்து கரூர் முகவரி ஒன்றுக்குப் பசளைத் தரம் என்று வந்தது. சுங்கம் பார்த்தால் வெடிமருந்துத் தரம். இந்தியா 2011 இல் 45 வீதத்துக்கு மேல் அமோனியம் நைத்திரேற்று உள்ளதை வெடிபொருளாக அறிவித்து, 2012 இல் தனி விதியும் போட்டிருந்தது. அதனால்தான் பிடித்தார்கள், அது நல்லது. பிடித்ததை என்ன செய்வது என்று விதியில் தெளிவில்லை. பெய்ரூட் வெடித்திருக்காவிட்டால் இன்னும் கொஞ்சக்காலம் அங்கேயே கிடந்திருக்கும். ஓகஸ்ட் மாதமே ஏலத்தில் எடுத்தவர்கள் லொறிகளில் ஐதராபாத்துக்குக் கொண்டுபோனார்கள்.

*

பசளை என்றதும் எங்கட ஆட்களுக்கு வேறொரு கடதாசி நினைவுக்கு வரும்.

1990 இல் இருந்து வடக்கிற்குக் கொண்டுபோகக்கூடாது என்று ஒரு பட்டியல் இருந்தது. பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், சீமெந்து, பற்றரி, சவர்க்காரம், யூரியா. 2002 சமாதான ஒப்பந்தத்தோடுதான் பெரும்பாலும் நீங்கியது. யூரியா வெடிமருந்தாகிவிடும் என்றார்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட ஒரு மூட்டை பசளை கேட்ட கமக்காரன், கடதாசியில் குண்டு செய்கிறவன் ஆனான். எங்கட ஊரில் வெடிமருந்துக்குச் 'சக்கை' என்று பேர். பசளையும் சக்கை, பற்றரியும் சக்கை என்ற மாதிரி ஒரு கணக்கு. இயக்கம் சக்கை வைத்தது உண்மை. 1996 ஜனவரி 31 இல் கொழும்பில் மத்திய வங்கியில் லொறியால் மோதிச் சாதாரண சனத்தைக் கொன்றதும் உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் சக்கையை நிறுத்தவில்லை, தோட்டத்தை நிறுத்தியது.

உலகத்தில் ஒரு பக்கம் ஆயிரம் தொன் வெடிமருந்து பசளை என்ற பெயரில் கடல் கடக்கிறது. இன்னொரு பக்கம் ஒரு மூட்டைப் பசளை வெடிமருந்து என்ற பெயரில் சோதனைச்சாவடியில் மறிபடுகிறது. கடதாசி எழுதுகிற அதிகாரம் ஆரிடம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

தஞ்சம் கேட்ட இடத்தில் என்னை விசாரித்த அதிகாரி, முசஃபாவில் என்ன வேலை என்று கேட்டார். வெடிமருந்துக் கடதாசி எழுதினேன் என்றேன். மொழிபெயர்த்த அக்கா ஒரு நிமிசம் வாயைத் திறக்கவில்லை. "தம்பி, இதை இப்பிடியே சொல்லவோ?" என்று மெல்லக் கேட்டா. இப்பிடியே சொல்லுங்கோ என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், தமிழன், வெடிமருந்து. அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒரு மணித்தியாலம் மொத்த நிறைக்கும் நிகர வெடிமருந்து நிறைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் விளங்கப்படுத்தினேன். என் விளக்கம் முடிந்தபிறகு அவர் எழுதினது ஒரு வரி: கிளாக்.

*

கடதாசி சரியாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை.

2021 மே மாதம் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற புத்தம் புதுக் கப்பல் டுபாயின் ஜெபல் அலியில் இருந்து புறப்பட்டது. முசஃபாவில் இருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு உட்பட்ட தூரம், நாங்கள் எத்தனை தரம் போய் வந்த துறைமுகம். 1,486 கொள்கலன், அதில் 81 ஆபத்தான சரக்கு, 25 தொன் நைத்திரிக் அமிலம் அடக்கம். அமிலப் பெட்டி ஒழுகுகிறது என்று கப்பல்காரருக்கு வழியிலேயே தெரியும். கட்டாரின் ஹமாட் துறைமுகத்தில் இறக்கக் கேட்டார்கள், இல்லை என்றார்கள். குஜராத்தின் ஹசீராவில் கேட்டார்கள், இல்லை. இரண்டு இடமும் சொன்ன காரணம் ஒன்று, அதற்கு வசதியில்லை என்பது. கொழும்புக்கு வந்து வெளியே நங்கூரமிட்டது. மே 20 இல் தீ, 25 இல் வெடி, யூன் 2 இல் தாழத் தொடங்கியது. நீர்கொழும்புக் கடற்கரையில் வெண்மணலுக்கு மேல் பிளாஸ்டிக் பருக்கை முழங்கால் அளவுக்குக் குவிந்தது. ஏறத்தாழ 1,680 தொன் பருக்கை. சிங்களமும் தமிழும் கலந்து கதைக்கிற அந்த மீனவச் சனம் மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் இருந்தது. 2025 யூலை 24 இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது.

இங்கே பெட்டிக்குள் என்ன என்று எல்லாருக்கும் தெரியும், பம்பாயில் போல. எழுதினதை வாசித்து, பொறுப்பை ஏற்க ஒரு துறைமுகமும் இருக்கவில்லை.

கடைசியாகக் கரடியனாறு. செங்கலடியில் இருந்து பதுளைப் பக்கம் போகிற வீதியில் இருக்கிற சின்ன ஊர். யுத்தம் முடிந்து ஒன்றரை வருசம் ஆகவில்லை. வீதி போடுகிற சீனக் கம்பனி பாறை உடைக்கக் கொண்டுவந்த வெடிமருந்தைக் கொள்கலன்களில் போட்டுப் பொலிஸ் நிலைய வளவுக்குள் வைத்திருந்தார்கள். 2010 செப்ரெம்பர் 17, பட்டப்பகல். அது வெடித்தது. முதலில் 60 பேர் என்றார்கள், பிறகு 25 என்றார்கள். இரண்டு பேர் சீனர். பொலிஸ்காரர், வேலைக்கு நின்ற ஊர்ப்பெடியள், அலுவலாய் வந்த சனம். நிலையம் இருந்த இடத்தில் பெரிய கிடங்கு.

விபத்து என்றார்கள், எங்கட ஆட்கள் வழக்கம்போல அது வெறும் விபத்தில்லை என்று கதை கட்டினார்கள். நான் அந்தச் சர்ச்சைக்குள் போகவில்லை. எனக்கு வேறு கேள்வி. முசஃபாவில் ஐந்து வருசம் கட்டம் நிரப்பினவனின் கேள்வி. அந்தக் கொள்கலன்களில் நிகர வெடிமருந்து எத்தனை கிலோ? அந்தக் கிலோவுக்கு எத்தனை மீற்றர் தள்ளி வைக்க வேணும்? ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சனம் நடந்த வீதி அங்கிருந்து எத்தனை மீற்றர்? டெற்றனேற்றர் தனியாக இருந்ததா? இலங்கையில் 1956 இல் இருந்து சட்டம் இருக்கிறது என்று மேலே எழுதினேன். இந்த நாலு கேள்விக்கும் விடை சொல்லக்கூடிய ஒரு கடதாசியை, செத்த பெடியளின் தாய்மாருக்கு ஆராவது கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்போது ஊரில் மறுபடியும் வீதி போடுகிறார்கள், கல்குவாரி திறக்கிறார்கள், துறைமுகம் பெரிதாக்குவோம் என்கிறார்கள். நல்லது, வரட்டும். வெளிநாட்டில் இருந்து காசு போடுகிற எங்கட சங்கங்களும் ஊர்ப் பிரதேச சபையில் இருக்கிறவர்களும் திறப்புவிழாவுக்குப் பூமாலை வாங்க முதல் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கோ. நாலு இலக்க எண்ணைப் பாருங்கோ, வகுப்பைப் பாருங்கோ, நிகர வெடிமருந்து நிறை என்ற கட்டத்தைப் பாருங்கோ. அது வெறுமையாய் இருந்தால் ஏன் என்று கேளுங்கோ. இலக்கம் இருந்தால், கிட்ட இருக்கிற வீட்டுக்கு எத்தனை மீற்றர் என்று ஒரு அளவுநாடா கொண்டுபோய் அளந்து பாருங்கோ.